சீவுவதற்கு முன் என்னைக் கூப்பிடவும்

பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்பார்கள். அந்த ஒரு வரியை நம்பி முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்ன இன்னொரு பூச்சியை வளர்த்து விடுவதுதான் என் தொழில். ஆனால் முதன்முதலாக என்னை நம்பி ஒப்படைத்த நண்பனை நான் என்ன செய்தேன் என்று கேட்டால், உண்மையை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. அவன் குடியிருந்த வீட்டைக் குழம்பு வைத்துத் தின்றேன். நான் மட்டுமா, ஒரு மேலதிகாரியையும் தின்ன வைத்தேன். அவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றார்.

தைல மரத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குளவி வந்து, இலைக்காம்பெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வீங்கி, கன்றுகள் கூனிப்போய் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சமயத்தில் ஓர் இளம் விஞ்ஞானி என்னைத் தேடி வந்தார். கொப்புளக் குளவியை ஒழிக்கும் எதிரிக் குளவியைத் தோட்டங்களில் விடப்போகிறார்களாம். "சார், உங்க அனுபவத்துல இருந்து ஒரே ஒரு ஆலோசனை சொல்லுங்க" என்றார். "பஸ்ஸில் அனுப்பாதீங்க தம்பி" என்றேன். இதில் ஏதோ ஆழமான விஷயம் இருக்கிறது என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அந்த ஆழம் எவ்வளவு என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) உரமும் பூச்சி மருந்தும் விற்கும் கடை. நாங்கள் தின்ற சோறு, உடுத்திய துணி, நான் சேலத்தில் படித்த விலங்கியல் எல்லாமே பூச்சிகள் செத்துக் கொடுத்தவை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு, பூச்சி வளர்க்கும் வேலையில் போய்ச் சேர்ந்தேன். மலை மேல் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். தற்காலிக உதவியாளர் பதவி.

"நான் கொல்றேன், நீ வளக்கறே. நல்லா வெளங்கும்டா நம்ம குடும்பம்" என்றார் அத்தா.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி கோமதி மேடம். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் மாவுப்பூச்சிக்கே வயிற்றைக் கலக்கும். அந்தக் காலத்தில் காப்பித் தோட்டக்காரர்களுக்குப் பெரிய தலைவலி இந்த மாவுப்பூச்சிதான். கொழுந்திலும் பிஞ்சுக் கொத்திலும் அரிசி மாவைத் தூவியது போல வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிவிடும். பிஞ்சு கருகி உதிர்ந்துவிடும். இதற்கு எதிரி, கடல் தாண்டி வரவழைத்த ஒரு குட்டிக் குளவி. எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பிப்போய்ப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். பிறகு குளவி அந்தக் கூட்டில் வட்டமாக ஒரு மூடியை வெட்டித் திறந்துகொண்டு வெளியே வரும்.

இந்தக் குளவியை வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சிக்குத் தீனி வேண்டும். காப்பிச் செடியைப் பிடுங்கி அறைக்குள் வைக்க முடியுமா? அதற்குத்தான் பரங்கிக்காய். எங்கள் பக்கத்தில் அரசாணிக்காய் என்போம். நன்றாக முற்றிய காயில் மாவுப்பூச்சியை ஏற்றிவிட்டால் மாதக்கணக்கில் அழுகாமல் தாங்கும். ஆக, விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கிய நான், வாரம் ஒருமுறை சேலம் இறங்கிப்போய் மார்க்கெட்டில் பரங்கிக்காய் பொறுக்கினேன். காம்பு ஒடிந்திருக்கக் கூடாது. தோலில் கீறல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு காயாகத் தூக்கி, தட்டி, தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். "ஏனுங்க, கொழம்புக்குக் காய் வாங்கறீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் ஒருநாள் எரிச்சலாகக் கேட்டார். விளக்கம் சொன்னேன். பூச்சி வளர்க்க என்று கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த வாரத்திலிருந்து வேறு கடைக்குப் போனேன்.

இப்படியே அமைதியாகப் பரங்கிக்காய் தடவிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. நாக்கு சும்மா இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். மாரமங்கலத்திலிருந்து பெரியசாமி அண்ணன் வந்தார். ஒன்றரை ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, அதுதான் அவருடைய முழுச் சொத்து. கையில் வெள்ளை பிடித்த ஒரு கொத்து.

"பாய், பாருங்க இத. நொம்ப ஏறிப்போச்சுங்க. இந்த வருசம் காப்பி உளுந்துச்சுன்னா ஊட்டுல அடுப்பெரியாது. எதாச்சும் நல்ல மருந்தா குடுங்க."

அத்தா எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் என் வாய் திறந்துகொண்டது.

"அண்ணா, மருந்து வேண்டாம். அடிச்சா நல்ல பூச்சியும் சேர்ந்து செத்துரும். நான் ஒரு குளவி கொண்டாந்து விடறேன். மாவுப்பூச்சிய அதுவே பாத்துக்கும். நீங்க எதுவும் தெளிக்காம மட்டும் இருங்க."

அத்தா மருந்து டின்னைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். சொந்தக் கடையில், சொந்தப் பிள்ளை, வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் காட்சியை எந்த வியாபாரியும் கண்டிருக்க மாட்டார். பெரியசாமி அண்ணன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "படிச்ச புள்ள சொல்லுது. கேட்டுப் பாக்கறனுங்க பாய்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் அத்தா டின்னை இருந்த இடத்தில் வைத்தார். "சரி. அவன் தோட்டம் பொழைச்சா நீ பூச்சியவே கட்டிக்கிட்டு அழு, நான் கேக்கல. பொழைக்கலைன்னா மறுநாளே அந்த வேலைய உட்டுட்டு இங்க வந்து உக்காரு. அது மட்டுமில்ல, அந்த மனுசன் மொகத்துல நீதான் முழிக்கோணும். நான் முழிக்க மாட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இருபத்திரண்டு வயதில் மனிதன் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவான்.

மேடத்திடம் சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டு வந்து அனுமதி கேட்பதற்காக முதலில் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை கிடைத்தது. பிறகு ஒப்புக்கொண்டார். மே மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், அவர் முன்னிலையிலேயே விட்டுவிடலாம் என்றார். (மேலதிகாரிகளுக்கு ஏற்காட்டுப் பூச்சிகள் மேல் அக்கறை பிறப்பது எப்போதுமே மே மாதத்தில்தான். டிசம்பர் குளிரில் ஒரு பூச்சியைப் பற்றியும் யாரும் கவலைப்பட்டதில்லை.)

வழக்கமாகக் குளவியைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் கொண்டுபோய்த் திறந்துவிடுவோம். நான்தான் மேதாவி ஆயிற்றே, ஒரு புது யோசனை சொன்னேன். கூடுகள் நிறைந்த பரங்கிக்காய்களை முழுசாகக் கொண்டுபோய்ச் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டால், ஆபீசரின் கண் முன்னாலேயே குளவிகள் மூடியைத் திறந்துகொண்டு புறப்படும் அல்லவா? மேடம் யோசித்தார். நல்லதாக மூன்று காய்களை எடுத்துக் கொடுத்தார். நான்கு மாத வேலை அந்த மூன்று காயில் இருந்தது.

"முந்தின நாளே கொண்டுபோய் நிழலில் வை. நீயே எடுத்துட்டுப் போ, அன்வர். கையை விட்டு இறக்காதே" என்றார்.

சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார்.

காய்களைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மாரமங்கலம் பஸ்ஸில் கூட்டம். என் உடம்பில் புதிதாகத் தைத்த பேண்ட். மடியில் மூன்று அரசாணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மொத்த பஸ்ஸும் பார்க்க, அவ்வளவு தூரம் போக வேண்டும். மறுநாளோ ஆபீசரோடு ஜீப்பில் போகப்போகிறேன். ஜீப்பில் போகப்போகிறவன் இன்று காய் மூட்டையோடு போகலாமா? (கௌரவம் என்பது என்ன என்று எனக்கு அன்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. பிறகு மாறிவிட்டது.)

கண்டக்டர் மணி அண்ணன் தெரிந்தவர். அந்தப் பாதையில் காய்ச்சல் மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, காலைக் கட்டிய சேவல் என எதை ஒப்படைத்தாலும் உரிய வாசலில் சேர்த்துவிடுவார். மலை ஊர்களில் அதுதான் வழக்கம், ஒரு பொருளும் காணாமல் போனதில்லை. அவரிடம் சாக்கைக் கொடுத்து, "பெரியசாமி அண்ணன் ஊட்டுல குடுத்துருங்கண்ணா. நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாருன்னு சொல்லிருங்க" என்றேன்.

கூடவே கொடுத்தனுப்ப ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தேன். சாதாரணக் கடிதம் அல்ல. மூன்று பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, குளவியின் பூர்வீகம், குணம், பழக்கவழக்கம் எல்லாம் விளக்கி, கடைசியில் அடிக்கோடிட்டு: "எக்காரணம் கொண்டும் காய்களைக் கழுவவோ, துடைக்கவோ, நறுக்கவோ கூடாது." அதை நீட்டப்போனவன், இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சரியாக அமையவில்லையே என்று தோன்றி, பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். விசில் கேட்டது. பஸ் போய்விட்டது. பரவாயில்லை, காய் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும், நாளைக்கு நேரில் விளக்கினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசர் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று மலையை ரசித்து, ஜீப்பில் ஏறும்போதே மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. நல்ல மனிதர். சுத்த சைவம். பசி தாங்காத உடம்பு. மாரமங்கலம் போய் இறங்கியதும் முதலில் தோட்டமா, சாப்பாடா என்ற கேள்வியே எழவில்லை. பெரியசாமி அண்ணன் வீட்டு வாசலில் பந்தி போட்டு, வாழையிலை விரித்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி சின்னப்பொண்ணு அக்கா, எங்களுக்காக நெல்லுச் சோறு ஆக்கியிருந்தார். (அவர்கள் வீட்டில் தினப்படி சாமையும் களியும்தான்.)

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. ஒரு கூட்டு. கடைசியில் வெல்லம் போட்டு ஒரு பாயசம். ஆபீசர் கூட்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடினார்.

"அடடா! என்ன காய்ம்மா இது? இவ்வளவு இனிப்பா?"

"அரசாணிக்காயிங்க அய்யா. கொழம்பு, கூட்டு, பாயாசம் மூனும் அதேதானுங்க. இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

அவர் இலையை நகர்த்தி வைத்துக்கொண்டார். இங்கே நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆபீசர் முன்னால் என் அறிவைக் காட்ட இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது?

"எல்லாம் மலை மண்ணோட வாகு சார்" என்றேன், வாயில் கூட்டோடு. "பகல்ல வெயில், ராத்திரி குளிர். அதனால காயில சர்க்கரை இறங்கும். சமவெளியில விளையற காயில இந்த ருசி வரவே வராது."

ஆபீசர் ஆமோதித்தார். மேடம்கூடத் தலையசைத்தார். நான் குஷியாகி, "உங்க தோட்டத்துக் காய்தானேக்கா?" என்று கேட்டேன்.

சின்னப்பொண்ணு அக்கா கரண்டியோடு நிமிர்ந்தார். "எங்க தோட்டத்துக் காயா? நல்லா இருக்குதே கதை! நேத்து பஸ்ஸுல நீங்க குடுத்தனுப்புன காய்தானே கண்ணு! பெரிய ஆபீசர் வர்றாருன்னு மணி வந்து சொல்லிட்டுப் போச்சே. செரி, விருந்துக்குக் காயும் ஆபீசுலயே அனுப்பிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கை வாய்க்குப் போகவில்லை. இலையைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு துண்டு என்னைப் பார்த்தது.

மேடம் மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டார். "அன்வர். காய் எங்கே?"

"மேடம்... இலையில இருக்கு."

"என்ன விஷயம்?" என்றார் ஆபீசர். அப்போது மூன்றாவது தடவையாகக் கூட்டு அவர் இலையில் விழுந்துகொண்டிருந்தது.

சொல்லத்தானே வேண்டும். "சார், நாம இன்னிக்குத் தோட்டத்துல விட வந்த குளவி... அது இருந்த காயைத்தான் சார்..." என்று இழுத்தேன். ஆபீசரின் முகத்தில் இருந்த மலை மண்ணின் வாகு எல்லாம் ஒரே நொடியில் வடிந்தது. அவர் இலையையே பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"பூச்சியோடயா?"

இந்தக் கேள்வி சின்னப்பொண்ணு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று வைத்தார். "ஏனுங்க, வந்தவங்களுக்குப் பூச்சியோட ஆக்கிப் போடுவனுங்களா? என்ன பேச்சுங்க இது! காய் மேல பூராம் மாவாட்டம் அப்பிக் கெடந்துச்சு. ஒரு நல்ல காயா பாத்து அனுப்பக் கூடாதா இந்தப் புள்ளன்னு நெனச்சேன், மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாதுன்னு கம்முனு இருந்தேன். தோல மொத்தமா சீவி எறிஞ்சுட்டு, மூனு தண்ணி உட்டுக் கழுவித்தானுங்க ஆக்குனேன்!"

மேடத்தின் கண்ணாடி பளிச்சென்று நிமிர்ந்தது. "தோலை எங்கே எறிஞ்சீங்க?"

"ஊட்டுக்குப் பின்னால. காப்பிச் செடிக்கு அடியில."

மேடம் எழுந்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சோற்றுக் கையோடு, புடவையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் நான். எனக்குப் பின்னால், எதற்கென்று அவருக்கே தெரியாமல், ஆபீசர். வீட்டைச் சுற்றிக்கொண்டு போனால், அங்கே காப்பிச் செடியடியில் மஞ்சள் மஞ்சளாகத் தோல் குவியல். குவியலைச் சுற்றி ஏழெட்டுக் கோழிகள். கடல் கடந்து வந்த விருந்தை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"ஐயோ, விரட்டு!" என்று மேடம் கத்தினார்.

நான் ஒரு கோழியை விரட்ட, அது ஆபீசரின் காலிடுக்கில் புகுந்தது. அவர் "ஹை! ஹை!" என்று மாடு ஓட்டுவது போல் ஓட்டினார். கோழிகளுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. குழம்புக் கையை வீசி வீசி அவர் ஒரு சேவலைத் துரத்திக்கொண்டு மிளகுக் கொடி வரை போனார். சேவல் அவருடைய பதவியை மதிக்காமல் திரும்பி நின்று சீறியது. கடைசியில் சின்னப்பொண்ணு அக்கா வந்து, "ச்சூ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எல்லாக் கோழிகளும் போய்விட்டன.

மேடம் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தோலாக எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தார். பெரியசாமி அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக விளங்கியிருக்கிறது.

"கண்ணு" என்றார். "அப்ப, ரெண்டு மாசமா மருந்தடிக்காம எதுக்குக் காத்துக் கெடந்தனோ, அதையா நான் கொழம்பு ஊத்தித் தின்னுப்புட்டேன்?"

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே தன் மேல் தப்பு என்பது போலக் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காப்பிச் செடிகள் தலையிலெல்லாம் வெள்ளை அப்பி நின்றன. அத்தனையும் நான் சொன்ன பேச்சுக்காக மருந்து பார்க்காமல் நின்ற செடிகள். தலையைக் குனிந்தேன். நேரில் விளக்கக் கையோடு கொண்டுவந்திருந்த மூன்று பக்கக் கடிதம் சட்டைப் பையிலிருந்து நழுவி மேடத்தின் முன்னால் விழுந்தது.

மேடம் அதை எடுத்துப் பிரித்தார். முழுசாகப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கே. கொடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு மறுபடி லென்ஸில் குனிந்தார். "இருக்கு. மூடி திறக்காத கூடு இன்னும் இருக்கு. அக்கா நல்ல தடிமனா சீவியிருக்காங்க, கூடு நசுங்கல. வாழை நார் கொண்டு வாங்க."

அன்றைய விழா இப்படித்தான் நடந்தது. கோழி மிச்சம் வைத்த தோலை எல்லாம் வாழை நாரில் கட்டிச் செடிக்குச் செடி தொங்கவிட்டோம். ஆபீசரும் தன் கையால் ஒரு தோல் கட்டினார். பிற்பாடு அவர் அனுப்பிய அறிக்கையில், "பரங்கித் தோல் துண்டுகளைக் கிளைகளில் கட்டும் எளிய புதிய முறை கையாளப்பட்டது" என்று இருந்தது. மூன்று தடவை வாங்கித் தின்ற கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாங்கள் ஏற்காடு திரும்புவதற்குள் மணி அண்ணனின் பஸ் மாரமங்கலத்துச் சேதியோடு திரும்பியிருந்தது. அப்புறம் என்ன? டீக்கடை, கறிக்கடை, பள்ளிவாசல் எல்லா இடத்திலும் நான்தான். "ஆபீசருக்கே பூச்சிக் கூட்டு போட்டியாமே!" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். வீட்டுக்குள் நுழையும்போது அத்தாவும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெரியசாமி என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

வாரா வாரம் மாரமங்கலம் போனேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வெள்ளை இன்னும் கூடியிருந்தது. எனக்கு இன்னொரு பயமும் வந்துவிட்டது. தோலில் இருந்த உயிருள்ள மாவுப்பூச்சிகள் செடியில் ஏறியிருந்தால்? வைத்தியம் பார்க்க வந்தவன் வியாதியையும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தவன் ஆகிவிட்டேனே! ராத்திரி படுத்தால் கண் முன்னால் வெள்ளை வெள்ளையாக வந்தது. சின்னப்பொண்ணு அக்கா மட்டும் நான் போகும்போதெல்லாம், "இன்னிக்குக் காய் ஒன்னும் கொண்டாரலையா கண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டார். அந்தச் சோற்றைத் தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்தேன்.

ஆறாவது வாரம் கிளம்பும்போது அத்தா ஒரு மருந்து டின்னைத் துணிப்பையில் போட்டு நீட்டினார்.

"கொண்டுபோய் அவன்கிட்டக் குடு. காசெல்லாம் ஒன்னும் வேண்டாம். வீம்புக்கு நீயும் நானும் அடிச்சுக்குவோம், அந்த மனுசன் ஊட்டுல அடுப்பெரியோணும்டா."

நான் வாங்கிக்கொண்டேன். பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். (இந்த முறை கையை விட்டு இறக்கவில்லை.) பெரியசாமி அண்ணனிடம் நீட்டினேன். "அத்தா குடுத்தாருண்ணா. அடிச்சுருங்க. என் பேச்சை நம்ப வெச்சதுக்கு மன்னிச்சுருங்க" என்றேன்.

அவர் டின்னை வாங்கவில்லை. "வா கண்ணு" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தோல் குவிந்து கிடந்த அதே செடி. ஒரு கொத்தை வளைத்துக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கூடுகள். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு ஓட்டை, மூடி தொங்கிக்கொண்டிருந்தது. இலை மேல் எள்ளுப் போல ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு நடந்தது. அடுத்த செடியில் இன்னும் இரண்டு. அதற்கு அடுத்த செடியில் வெள்ளையே பாதி இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அதில் என்ன வெட்கம்?

"இந்த டின்ன பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துரு கண்ணு" என்றார் அவர். "இங்கதான் நம்ம ஆளுங்க வந்துட்டாங்கல்ல. ஆனா ஒன்னு. இத்தன பேரக் கொழம்பு வெக்காம உட்டுட்டாளேன்னு எம் பொண்டாட்டிய நீ ஒரு வார்த்த பாராட்டோணும்."

திறக்காத டின்னோடு கடைக்கு வந்தேன். அத்தா டின்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அதை வாங்கி அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார். இரண்டு வாடிக்கையாளர்களைக் கவனித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு நேரமா எந்திரி. வேலைக்குப் போவோணுமில்ல."

அந்த வருஷம் பெரியசாமி அண்ணன் காப்பி பறித்தார். பிற்பாடு என் வேலையும் நிரந்தரமானது. அத்தா மருந்து விற்பதை நிறுத்தவில்லை, ஆனால் யாராவது மாவுப்பூச்சி என்று வந்தால், "அதுக்கு எம் பையன்கிட்டப் போங்க. போறப்பக் கோழியக் கட்டிப் போட்டுட்டுப் போங்க" என்று அனுப்பிவைப்பார். என் நிக்காஹ் விருந்தில் தால்ச்சாக் குழம்புக்குப் பரங்கிக்காய் வந்து இறங்கியபோது, சமையல்காரர் கத்தியை எடுத்ததும் அத்தா பந்தலே கேட்கும்படி குரல் கொடுத்தார்: "யோவ், இரு! சீவறதுக்கு முன்னால மாப்பிள்ளையக் கூப்பிட்டுக் காட்டு!"

பெண் வீட்டார் இது ஏதோ எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டார்கள். புதுப்பெண்ணும் அப்படியே நம்பிவிட்டாள். உண்மைக் கதை தெரிந்த பிறகும் அவள் அதை விடவில்லை. அத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பரங்கிக்காய் வாங்கினால், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, வந்து பாத்துட்டுப் போங்க. சீவட்டுமா?"

நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், கண்ணாடியை மாட்டி, காயைத் திருப்பித் திருப்பி, காம்புச் சந்து வரைக்கும் பார்த்துவிட்டுத்தான், "ம், சீவு" என்கிறேன்.